வெயிலில் சுதி ஏறும் குழல்கள்

சேலம் சீமை 1792 வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதிய உடன்படிக்கையில் சேலமும் பாரமகாலும் கும்பினியார் கைக்கு மாறின. தோற்ற கோபம் ஆறாத அந்த 1790களில்தான் திப்புவுக்காக ஒரு மரப்புலி செய்யப்பட்டது. நீளம் ஏறக்குறைய 1.78 மீட்டர். மல்லாந்து கிடக்கும் ஒரு வெள்ளைக்காரனின் கழுத்தில் அது வாய் வைத்திருக்கும். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே துருத்தி அசையும், கீழே கிடப்பவனின் கை எழுந்து தாழும், அவனிடமிருந்து ஓலம் கிளம்பும், புலி உறுமும். புலியின் விலாக் கதவைத் திறந்து பார்த்தால் 18 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குப் பின்னால் பித்தளைக் குழல்கள். பொம்மை என்று ஒதுக்கிவிட முடியாது. முறைப்படி அது ஒரு பைப் ஆர்கன். 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் புலி லண்டனுக்குக் கப்பலேறியது. இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது.

பைப் ஆர்கன் என்றதும் உயர்ந்த கூரை, வண்ணக் கண்ணாடி, வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு என்று மனம் ஒரு படத்தைப் போட்டுக்கொள்ளும். அந்தப் படம் முழு வரலாற்றில் பின்பாதிதான். ஆலயத்துக்குள் வருவதற்கு முன் இந்தக் கருவி ரொம்ப நாள் வெளியே சுற்றியிருக்கிறது. நம் பக்கத்து வெயிலுக்கு வந்த பிறகு அது பட்ட பாடு தனிக் கதை.

கிறிஸ்துவுக்கு முந்தைய 3ஆம் நூற்றாண்டு. எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் க்டெசிபியஸ் என்றொரு பொறியாளர் இருந்தார். சவரத் தொழிலாளியின் மகன் என்று பிற்கால ரோமானிய எழுத்தாளர் விட்ருவியஸ் குறித்திருக்கிறார். காற்றையும் நீரையும் வைத்து இயந்திரம் செய்வதில் அவருக்குத் தீராத ஆர்வம். வாயால் ஊதும் குழலில் ஊதுபவரின் மூச்சு ஏறி இறங்கும்; அதனால் ஒலியும் ஏறி இறங்கும். ஒரே அழுத்தத்தில் காற்றைத் தர வழி உண்டா என்று யோசித்தவர், நீர்த் தொட்டிக்குள் ஒரு கவிழ்த்த பாத்திரத்தை வைத்து, அதற்குள் காற்றை அடித்துச் செலுத்தினார். உள்ளே போன காற்று நீரைத் தள்ளும்; தள்ளப்பட்ட நீர் தன் எடையால் காற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். பம்பு விட்டுவிட்டு அடித்தாலும் குழலுக்குப் போகும் காற்று சீராக இருக்கும். இதுதான் ஹைட்ராலிஸ், உலகின் முதல் ஆர்கன்.

ரோமானியர்கள் அதை எங்கே வாசித்தார்கள் தெரியுமா? மனிதனும் மனிதனும், மனிதனும் விலங்கும் மோதிச் சாகும் களரிகளில். லிபியாவின் ஸ்லிட்டன் ஊரில் கிடைத்த தரைச் சித்திரம் ஒன்றில் வாள்வீரர்கள் வெட்டிக்கொள்ள, பக்கத்தில் ஆர்கன் வாசிக்கப்படுவது அப்பட்டமாகத் தெரிகிறது. புடாபெஸ்ட்டில் 1931இல் தோண்டி எடுத்த அக்வின்கம் ஆர்கன், கி.பி. 228இல் தீயணைப்போர் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. அதில் 52 குழல்கள். கேளிக்கைக்கும் கொலைக்களத்துக்கும் பக்கவாத்தியமாக இருந்த ஒன்றை ஆதிக் கிறிஸ்தவர்கள் ஆராதனைக்குள் விடவில்லை என்பதில் வியப்பில்லை.

757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், பிராங்குகளின் அரசர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். மேற்கு ஐரோப்பாவில் அந்தக் கருவி மறந்தே போயிருந்த காலம் அது. முதலில் அரண்மனைப் பெருமையாக இருந்தது, அடுத்த சில நூற்றாண்டுகளில் மடாலயங்களுக்குள் நுழைந்தது. இங்கிலாந்தின் வின்செஸ்டர் மடத்தில் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த ஆர்கனுக்கு 400 குழல்கள், துருத்தி அடிக்க 70 ஆட்கள் என்று அந்த மடத்துத் துறவி ஒருவர் செய்யுளில் எழுதிவைத்திருக்கிறார். கவிஞர் சொன்ன கணக்கு. கொஞ்சம் கழித்துத்தான் ஏற்க வேண்டும். ஜெர்மனியில் ஹால்பர்ஸ்டாட் பேராலயத்தின் 1361ஆம் ஆண்டு ஆர்கனைப் பற்றி நம்பும்படியான குறிப்பு இருக்கிறது. அதற்கு 20 துருத்திகள், அவற்றை ஏறி மிதிக்கப் பத்து ஆட்கள். பிரெட்டோரியஸ் 1619இல் வெளியிட்ட இசை நூலில் அதைப் படத்தோடு காட்டியிருக்கிறார். பேர் வாங்கியவர் வாசித்தவர். மிதித்தவர்களின் பெயரை நினைவில் வைத்தவர்கள் அரிது.

இனி உள்ளே போய்ப் பார்க்கலாம். எவ்வளவு பெரிய ஆர்கனாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: கட்டையை அழுத்தினால் ஒரு சின்னக் கதவு திறக்க வேண்டும், காற்று குழலுக்குள் போக வேண்டும். துருத்தியிலிருந்து வரும் காற்று ஒரு தேக்கியில் நிற்கும். அதன் மேல்பலகையில் பாரம் ஏற்றி அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருப்பார்கள். அங்கிருந்து காற்று மரத்தால் ஆன காற்றுப் பெட்டிக்கு வரும். பெட்டியின் மேலே குழல்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டைக்கும் பெட்டிக்குள் தோல் ஒட்டிய ஒரு மரக் கதவு. கட்டைக்கும் கதவுக்கும் இடையே மெல்லிய மரச் சட்டங்கள் ஓடும்; விரலின் அழுத்தம் அந்தச் சட்டங்கள் வழியாகவே கதவை இழுக்கும். எந்த வரிசைக் குழல்கள் ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வாசிப்பவரின் இரு பக்கத்திலும் இருக்கும் குமிழ்கள். குமிழை இழுத்தால் துளையிட்ட ஒரு நீண்ட பலகை நகர்ந்து அந்த வரிசையின் வாய்களைத் திறந்துவிடும்.

காற்றின் அழுத்தம் என்றதும் டயருக்கு அடிப்பதுபோல என்று நினைக்க வேண்டாம். பல ஆலய ஆர்கன்களில் அது சுமார் 75 மில்லிமீட்டர் நீரைத் தூக்கி நிறுத்தும் அளவுதான். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஒரு சதவீதம்கூட அதிகமில்லை. ஆலயத்தின் சுவர் அதிர்வதெல்லாம் இந்த மெல்லிய மூச்சில்.

குழல்கள் இரண்டு சாதி. முதல் வகையில் அசையும் பாகம் எதுவும் இல்லை. காற்று ஒரு பிளவு வழியாகத் தகடாக வந்து எதிரே உள்ள கூரான உதட்டில் மோதும். உள்ளும் வெளியுமாக மாறி மாறி ஆடும். அந்த ஆட்டம் குழலுக்குள் நிற்கும் காற்றுத் தூணை அதிர வைக்கும். புல்லாங்குழலுக்கும் இதே பாடம்தான். தூண் எவ்வளவு நீளமோ அவ்வளவு கீழான சுதி. எட்டு அடி நீளத் திறந்த குழல் நொடிக்கு ஏறக்குறைய 65 முறை அதிரும். நீளம் இரட்டிப்பானால் சுதி ஒரு ஸ்தாயி கீழே போகும். 32 அடிக் குழலில் நொடிக்கு 16 அதிர்வு. மனிதக் காதின் எல்லைக்கும் கீழே. அதைக் கேட்பதில்லை, உட்கார்ந்திருக்கும் பெஞ்சு வழியாக உணர்வதுதான். மறுகோடியில் பென்சில் அளவுக் குழல்கள். குழலின் மேல்வாயை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே சுதி கிடைக்கும். இடமும் ஈயமும் மிச்சம்.

இரண்டாவது வகையில் பித்தளை நாக்கு ஒன்று இருக்கும். காற்றில் அது படபடத்து அடிக்கும். மேலே உள்ள குழல் அந்த ஒலிக்கு நிறம் கொடுக்கும். நாதஸ்வரச் சீவாளியின் தூரத்து உறவு. எக்காளம் போல முழங்கும் ஒலிகள் எல்லாம் இந்த வகையிலிருந்து வருகின்றன. சுதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாக்கின் நீளம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் பேசத் தொடங்கும்போது தேவைப்படும்.

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக ஆத்தூர், விருத்தாசலம் என்று போகும் சென்னை ரயில் எழும்பூரில் நிற்கும். நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டப்பட்டு, 1821 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலயம். கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர். இளகிய மண்ணில் அடித்தளம் நிற்காது என்று கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை எழுப்பினார். ஆற்றங்கரைக் கட்டுமானத்துக்கு நம் ஊர்க் கொத்தர்கள் கையாண்ட முறை அது. நடுக்கூடம் வட்டம், மேலே நட்சத்திரம் தீட்டிய நீலக் குவிமாடம், தாங்க 16 தூண்கள். பலிபீடத்துக்குப் பின்னால் மங்கிய பச்சையும் தங்கமுமாக நிற்கிறது பைப் ஆர்கன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்தது. அங்கே அது ஒலிக்கத் தொடங்கியது 1883இல்.

ஆலயம் 1821, ஆர்கன் 1883. இடையே 62 ஆண்டுகள். ஏன்?

பணப் பற்றாக்குறை என்று சொன்னால் பாதி உண்மைகூட இருக்காது. ஸ்காட்லாந்துச் சபை ஆர்கனையே ஆகாத பொருளாக வைத்திருந்த சபை. சீர்திருத்தக் காலத்தில் சுவிங்லியின் சூரிக் நகரில் பேராலய ஆர்கனை 1527இல் பிரித்துப் போட்டார்கள். கால்வினின் வழிவந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் சங்கீதங்களை வெறுங்குரலில் மட்டுமே பாடினார்கள்; ஆர்கனை ‘ஊதல்கள் அடைத்த பெட்டி’ என்று கேலி பேசினார்கள். இங்கிலாந்திலும் 1644இல் ஆலய ஆர்கன்களை அகற்றச் சொல்லி நாடாளுமன்றம் ஆணையிட்டது. அரசாட்சி திரும்பிய பிறகுதான் அவை மீண்டும் வந்தன. ஸ்காட்லாந்தில் மனம் இளகியது 1860களில். எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் ராபர்ட் லீ என்ற போதகர் முதலில் ஒரு ஆர்மோனியத்தைக் கொண்டுவந்தார், பிறகு பைப் ஆர்கனை. பெரிய சண்டை நடந்தது. சண்டை ஓய்ந்து இருபது ஆண்டுக்குள் எழும்பூருக்கும் ஆர்கன் வந்துவிட்டது. தாய்ச்சபையில் தடை தளராமல் இங்கே அது வந்திருக்கும் என்று எண்ண இடமில்லை. எழும்பூரின் பச்சைக் குழல்களுக்குப் பின்னால் எடின்பரோ பஞ்சாயத்து ஒன்று இருக்கிறது.

அதே கிர்க்கில் 20ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் ஆர்கன் வாசித்தவர் ஹாண்டல் மானுவேல். பாடகர் குழுவையும் அவரே நடத்தினார். சென்னை வானொலியின் மேற்கத்திய இசை நிகழ்ச்சிகள் வழியாகவும் அவரை அறிந்தவர்கள் உண்டு.

குளிர் நாட்டில் சுதி சேர்த்த கருவியை இந்த வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்?

எழும்பூருக்குக் கடற்காற்றாவது உண்டு. அயோத்தியாப்பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, நடுவில் காயும் சமவெளி. மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் கத்திரி வெயில் மதியத்தில் 38ஐ எளிதாகத் தாண்டும். இங்கே ஓர் ஆலயத்தில் பைப் ஆர்கன் இருப்பதாகக் கற்பனை செய்து கணக்குப் போடலாம். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும்; 38 டிகிரியில் 354 மீட்டர் ஆகிவிடும். குழலின் நீளம் மாறவில்லை. ஆனால் உள்ளே ஒலி வேகமாகப் போய்த் திரும்புகிறது. ஆகவே அதிர்வெண் ஏறுகிறது. மார்கழியில் 440 முறை அதிர்ந்த குழல் மே மாதத்தில் 453 முறை அதிரும்.

நம் பாடகர்கள் கணக்கில் சொன்னால் கால் கட்டை ஏற்றம். ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் போய் நிற்பது. தம்பூராவுக்குப் பிரடையைத் திருப்பலாம், மணியை நகர்த்தலாம். ஆயிரம் குழலுக்கு என்ன செய்வது?

குழல் உலோகம், வெப்பத்தில் அதுவும் நீளும் என்று சிலர் கேட்பார்கள். நீளும், நீண்டால் சுதி இறங்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டரை மீட்டர்க் குழல் 18 டிகிரி வெப்ப ஏற்றத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீளாது. காற்றின் ஏற்றத்துக்கு முன்னால் அது செல்லாக் காசு. மலை உயரத்தில் காற்று மெலிதாயிற்றே, ஏற்காட்டில் சுதி மாறுமா என்று கேட்டால், அழுத்தம் குறைந்தால் அடர்த்தியும் கூடவே குறையும்; இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் ஆர்கனுக்கு அனுகூலம் என்றால் அது குளிர்ச்சியால் மட்டுமே.

எல்லாக் குழலும் ஒன்றாக ஏறினால்கூடச் சமாளிக்கலாம்; பாடுகிறவர்கள் கூடவே ஏறிவிடுவார்கள். சிக்கல் அந்த நாக்குக் குழல்கள். பித்தளை நாக்கின் அதிர்வு உலோகத்தின் விறைப்பைப் பொறுத்தது. வெப்பத்தில் அது இம்மியளவு இறங்குமே தவிர ஏறாது. ஒரே ஆர்கனில் ஒரு சாதி மேலே போக, மறு சாதி இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு குமிழையும் சேர்த்து இழுத்தால் காது கூசும். தாழ நிற்கும் குழல்களைவிடக் கூரைக்கு அருகே நிற்கும் குழல்கள் அதிகம் சூடாகும் என்பதால் முதல் சாதிக்குள்ளேயே பிளவு வரும்.

சுதி சேர்க்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர் ஆர்கனின் வயிற்றுக்குள், கால் வைக்க மட்டுமே அகலமான பலகையில் பக்கவாட்டாக ஊர்ந்து போவார். குழலின் நுனியில் மாட்டியிருக்கும் தகரக் கழுத்தைச் சின்னக் கம்பியால் மேலோ கீழோ தட்டுவார். குழலின் நீளம் மயிரிழை மாறும். இரண்டு குழல்கள் சேராதபோது எழும் ‘வாவ் வாவ்’ என்ற அலை மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிட்டால் அடுத்த கட்டைக்குக் குரல் கொடுப்பார். அந்தக் குழலை விரலால் தொட்டுவிடக் கூடாது. உடம்புச் சூடு ஏறினால் சுதியும் ஏறும்; ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நாக்குக் குழல்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், பருவம் மாறும்போது மற்றவற்றை விட்டுவிட்டு இவற்றை மட்டும் இழுத்துச் சேர்ப்பது ஐரோப்பாவிலும் வழக்கம்.

வெப்பத்தைவிட ஈரம் கெட்டிக்காரத்தனமாகக் கெடுக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊதும், துளையிட்ட பலகை நகராமல் இறுகும், குமிழ் வராது. பங்குனியில் அதே பலகை சுருங்கி, ஒரு குழலுக்குப் போக வேண்டிய காற்று பக்கத்துக் குழலுக்குக் கசியும். தோல் ஒட்டிய கதவு வளைந்து முழுதாக மூடாமல் போனால், கையை எடுத்த பிறகும் அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஜெப நேரத்தில் அப்படி ஒன்று மாட்டிக்கொண்டால் குருவானவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. துருத்தித் தோல் வெடிக்கும்; பிசின் விடும்; மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் ஆர்கன்களில் பிசினை மட்டும் நம்பாமல் மரை ஆணி போட்டு முடுக்குவது 19ஆம் நூற்றாண்டு ஆர்கன் செய்வோருக்குத் தெரிந்த விஷயம்தான். அப்படியும் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்து ஊரில் இருந்தால்தான் கருவி பிழைக்கும்.

வெப்ப நாட்டுக்கு வெப்ப நாட்டுச் சரக்கிலேயே ஆர்கன் செய்யலாம் என்று ஒருவர் துணிந்தார். பிலிப்பைன்ஸில் மணிலாவை அடுத்த லாஸ் பின்யாஸில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் டியேகோ செரா. 1816இல் மூங்கில் வெட்டி, பூச்சி அரிக்காதிருக்கக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். ஊறி நின்ற மூங்கில்களை எடுத்துக் குழல்களாக்கினார். சென்னையில் கிர்க் திறந்த அதே 1821இல் பெரும்பகுதி ஒலிக்கத் தொடங்கியது. எக்காளக் குழல்கள் மட்டும் மூங்கிலுக்கு மசியவில்லை; அவற்றை உலோகத்தில் செய்து 1824இல் முடித்தார். மொத்தம் 1,031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில். நிலநடுக்கமும் புயலும் பல தடவை சிதைத்தன. 1973இல் பிரித்து ஜெர்மனியின் பான் நகரில் உள்ள கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். குளிர்ந்த ஊரில் மூங்கில் வெடித்துவிடாதிருக்க, பட்டறைக்குள் பிலிப்பைன்ஸின் வெக்கையையும் ஈரத்தையும் செயற்கையாக உண்டாக்கி அங்கே வைத்துப் பழுது நீக்கினார்கள். 1975இல் ஊர் திரும்பியது, இன்றும் ஒலிக்கிறது. எழும்பூர் ஆர்கனின் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாற்போல ஒரு காரியம். சேர்வராயனிலும் கல்வராயனிலும் மூங்கிலுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. டியேகோ செரா மாதிரி ஒருவர் இந்தப் பக்கம் வந்து வாய்க்கவில்லை.

வந்தவர்கள் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். லண்டன் மிஷன் சேலத்தில் வேலையைத் தொடங்கியது 1827இல். அதற்கு 15 ஆண்டு கழித்து, 1842இல், பாரிஸில் அலெக்சாந்தர் தெபென் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் குழலே கிடையாது. வெறும் பித்தளை நாக்குகள்; சட்டத்தில் உரசாமல் உள்ளும் வெளியும் தாராளமாக ஆடும் நாக்குகள். சீனர்கள் பல நூற்றாண்டாக ஷெங் என்ற வாய்க்கருவியில் வைத்திருந்த உத்தி அது. 32 அடி உயரம் வேண்டாம், மாடம் வேண்டாம், மிதிக்கத் தனி ஆட்கள் வேண்டாம். வாசிப்பவரே இரு காலாலும் மிதித்துக்கொள்ளலாம். மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமத்துச் சபைக்குக் கொண்டுபோகலாம்.

ஆர்மோனியம் நம் ஊரில் வேர் பிடித்ததற்கு மலிவும் சிறு உருவமும் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதோடு இயற்பியலையும் சேர்க்க வேண்டும். காற்றில் ஒலி ஓடும் வேகத்துக்கும் ஆர்மோனிய நாக்கின் சுதிக்கும் கிட்டத்தட்டச் சம்பந்தமே இல்லை. கத்திரி வெயிலிலும் மார்கழிப் பனியிலும் ஐந்து கட்டை ஐந்து கட்டையாகவே நிற்கும். பைப் ஆர்கனை நிலைகுலைய வைத்த அதே வெயில் இதனிடம் தோற்றது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1870களில் மிதிப்பெட்டியைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாற்றினார். ஒரு கை துருத்திக்கு, மறு கை கட்டைக்கு. மிதிப்பெட்டியும் கைப்பெட்டியுமாகப் பள்ளிக்கூடம், பஜனை, நாடகக் கொட்டகை என்று எங்கும் பரவின. சங்கரதாஸ் சுவாமிகள் கால நாடகங்களில் ஆர்மோனியக்காரருக்கு நடிகருக்குச் சமமான மவுசு. மதுரை காதர் பாட்சாவின் பெட்டியைக் கேட்கவே கூட்டம் வந்தது.

எதிர்ப்பும் வந்தது. பெட்டிக்குள் 12 சுரங்கள் ஆணி அடித்தாற்போல நிற்கின்றன. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கிப் போகும் கமகத்துக்கு அதில் வழியில்லை. இந்தக் குறையைக் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. 1971 வாக்கில்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. பைப் ஆர்கனுக்கும் அதே குறை பிறவியிலேயே உண்டு. ஐரோப்பாவில் அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே பாட்டே நிலைத்து நிற்கும் சுரங்களை அடுக்கிக் கட்டியது.

தமிழ்ச் சபைகள் இந்தப் பிளவைத் தங்கள் போக்கில் தீர்த்துக்கொண்டன. ஐரோப்பிய மெட்டில் நான்கு குரலாகப் பாடுபவை பாமாலைகள். ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவியோடு வருபவை கீர்த்தனைகள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதியவை பல இன்றும் பாடப்படுகின்றன. பாமாலைக்கு ஆர்கன் சரியாக உட்காரும். கீர்த்தனைக்கு வயலினும் மிருதங்கமும் தாளமும் இருந்தால் போதும். ஆர்கன் வாசிப்பவர் சுதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒதுங்கியிருப்பது நலம். இரண்டும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து வரும். இந்த ஏற்பாட்டை எந்த மேலிடமும் வகுத்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. காதே வகுத்துக்கொண்டதுபோல் இருக்கிறது.

மின்சாரம் வந்ததும் மிதிப்பவர் வேலை மின்விசிறிப் பெட்டிக்குப் போனது. அடுத்து குழலே போனது. 1935இல் அமெரிக்காவில் ஹாமண்ட் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. காந்தத்துக்கு முன்னால் பல் வைத்த சக்கரங்கள் சுற்றிச் சுரத்தை உண்டாக்கின. குழல் வாங்க வசதியில்லாத ஆலயங்களைக் குறிவைத்தே அதை விற்றார்கள். பிறகு சிலிக்கன் சில்லு. இன்று சேலம், நாமக்கல் பக்கத்துச் சபைகளில் இரும்புத் தாங்கியில் நிற்கும் கீபோர்டு இந்த வம்சத்தின் கடைசிப் பிள்ளை. அதன் சுதியைக் கட்டிப்போடுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். 20 டிகிரியோ 40 டிகிரியோ, மனிதக் காது பிடிக்கக்கூடிய மாற்றம் அதில் வராது. பாடுபவருக்கு உயரமாக இருந்தால் ஒரு பொத்தானில் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம்.

வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒத்துப் போக வேண்டும் என்று 1991இல் ஜெனரல் மிடி என்ற பொதுப்பட்டியலை வகுத்தார்கள். மொத்தம் 128 ஒலிகள். ஒன்றாம் எண் பியானோ. 20ஆம் எண் சர்ச் ஆர்கன். அடுத்தே 21ஆம் எண்ணில் ரீட் ஆர்கன், அதாவது மிதிப்பெட்டியின் குரல். சூரிக்கில் பிரித்துப் போட்டதும் எடின்பரோவில் சண்டை மூட்டியதுமான கருவிக்குப் பட்டியலில் ஓர் எண், அவ்வளவுதான். பாமாலை எண் அறிவித்ததும் கீபோர்டுக்காரர் அந்த ஆர்கன் ஒலிக்கு மாற்றிக்கொள்கிறார். கீர்த்தனை வந்தால் ஒலியை மாற்றுவதோடு நிற்பதில்லை. அவருடைய இடக்கை கருவியின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்துக்குப் போகிறது. அதை உருட்டினால் சுரம் வளையும், வழுக்கும். குழலும் பெட்டியும் தர மறுத்த கமகத்தில் ஒரு பங்காவது அந்தச் சக்கரத்தில் வருகிறது. நன்றாகப் பழகிய கையென்றால் தோடி காந்தாரத்தைக்கூட ஓரளவு அசைத்துக் காட்டும்.